கிழ நாய்க்கு எதற்கு ஆபரேஷன்?

மெட்டுகுடா ரயில்வே ஊர். லாலாகுடா பணிமனையையும் தென் மத்திய ரயில்வேயையும் நம்பி வந்து, ஓய்வு பெற்ற பிறகும் இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் செகந்திராபாத்தின் இந்தப் பக்கத்தில் உண்டு. பிள்ளைகள் பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட, வீட்டில் மிஞ்சுவது இரண்டு பெரியவர்களும், பிள்ளைகள் அடம்பிடித்து வாங்கிய ஒரு நாயும். அந்த நாய்க்கு இப்போது வயது 13 என்று வைத்துக்கொள்வோம். ஒருநாள் அது சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. ஸ்கேன் எடுத்தால் வயிற்றில் கட்டி. அறுவை சிகிச்சைக்கு ஒரு தொகை சொல்கிறார்கள். சாயங்காலத்துக்குள் வீட்டில் இரண்டு கட்சி. "மனுஷனுக்கே பாக்க முடியல, கிழ நாய்க்கு எதுக்கு ஆபரேஷன்?" என்பது ஒன்று. "பதிமூணு வருஷம் நம்மளோட இருந்தது, அதுவும் ஒரு உசுருதானே?" என்பது இன்னொன்று. நியூ ஜெர்சியிலிருந்து வாட்ஸ்அப்பில் மூன்றாவது கட்சி: "செலவைப் பத்திக் கவலைப்படாதீங்கப்பா, நான் அனுப்பறேன்."

வயது, பாசம், பணம் என்று ஆளுக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டார்கள். மூவரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: அந்தப் பணம் எதை வாங்கித் தரும்? எத்தனை நாட்களை, எப்படிப்பட்ட நாட்களை? செலவு செய்யலாமா என்பதை அறிவியல் சொல்லாது. எதற்குச் செலவு செய்கிறோம் என்பதை ஓரளவு தெளிவாகவே சொல்லும்.

வயது என்ன சொல்கிறது?

நாயின் ஓராண்டு மனிதருக்கு ஏழாண்டு என்ற கணக்கு எல்லோருக்கும் தெரியும். அது சரியான கணக்கு அல்ல. 2020-இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியகோ ஆய்வாளர்கள் 104 லாப்ரடார் நாய்களின் டி.என்.ஏ.வில் வயதோடு மாறும் மெத்தில் குறிகளை மனிதர்களுடையதோடு ஒப்பிட்டார்கள். அவர்களுக்குக் கிடைத்தது நேர்கோடு இல்லை. முதலில் சரசரவென்று ஏறி, பிறகு தணியும் வளைகோடு. அதன்படி ஒரு வயது லாப்ரடார் 30 வயது மனிதருக்குச் சமம். 12 வயது லாப்ரடார் 70 வயதுக்காரருக்குச் சமம். ஏழால் பெருக்கினால் வரும் 84 அல்ல.

உடல் அளவும் சேர்ந்துகொள்கிறது. யானையும் திமிங்கிலமும் எலியைவிட நெடுங்காலம் வாழ்கின்றன; நாய்களுக்குள் கதை தலைகீழ். கிரேட் டேன் எட்டு வயதைத் தாண்டினால் பெரிது. நம் வீடுகளில் 'பொமரேனியன்' என்று அழைக்கப்படும் ஸ்பிட்ஸ் 14, 15 வயது வரை சாதாரணமாக இருக்கும். ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியின் மரபணுவில் உள்ள ஒரு வேறுபாடு சிறிய இனங்கள் பலவற்றுக்கும் பொது என்று 2007-இல் கண்டறிந்தார்கள். வேகமாக வளரும் பெரிய உடல் வேகமாகவே தேய்கிறது. ஆகவே 10 வயது என்பது கிரேட் டேனுக்குக் கிடைத்தற்கரிய முதுமை; ஸ்பிட்ஸுக்கு நடுவயதின் கடைசி.

"இந்த வயசுல மயக்க மருந்து தாங்காது" என்ற பயம் பாதி நியாயமானது. பிரிட்டனில் சுமார் 98,000 நாய்களுக்குக் கொடுக்கப்பட்ட மயக்க மருந்துகளைக் கணக்கெடுத்து 2008-இல் வெளியான ஆய்வில், மருந்தின்போதோ அடுத்த இரண்டு நாட்களுக்குள்ளோ இறந்தவை மொத்தத்தில் 0.17 சதவீதம். ஆரோக்கியமான நாய்களில் அது 0.05 சதவீதம். நோயுற்றவற்றில் 1.33 சதவீதம், அதாவது 75-க்கு ஒன்று. முதுமை ஆபத்தைக் கூட்டுவது உண்மை. ஆனால் அதைவிடப் பெரிய பிளவு ஆரோக்கியத்துக்கும் நோய்க்கும் இடையே இருக்கிறது. மேசையில் ஏற்றுவதற்கு முன் சிறுநீரகம், கல்லீரல், இதயம் மூன்றையும் சோதிக்கச் சொல்வது பில்லை ஏற்றுவதற்கு என்று பலர் நினைக்கிறார்கள். அந்த நாய் எந்த வரிசையில் நிற்கிறது என்பதை அறிய வேறு வழி இல்லை.

கட்டி என்பது ஒரே நோய் அல்ல

வயதான நாய்கள் மூன்றை எடுத்துக்கொள்வோம். மூன்றுக்கும் வயிற்றிலோ பிறப்புறுப்பிலோ கோளாறு. மூன்று வீட்டிலும் கேட்கும் சொல், 'பெரிய ஆபரேஷன்' அல்லது 'கேன்சர்'.

முதல் நாய் கருத்தடை செய்யாத பெண். சூடு வந்து சில வாரம் ஆகியிருக்கிறது. தண்ணீர் அதிகம் குடிக்கிறது, வாந்தி எடுக்கிறது, வயிறு உப்பியிருக்கிறது. இது பயோமெட்ரா, கருப்பையில் சீழ். ஸ்வீடனின் நாய்க் காப்பீட்டுப் பதிவுகளின்படி, கருத்தடை செய்யாத பெண் நாய்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குப் பத்து வயதுக்குள் இது வருகிறது. கருப்பையையும் சூலகங்களையும் எடுத்துவிட்டால் நோய் முடிந்தது. திரும்பி வர இடமே இல்லை. காலம் தாழ்த்தாமல் செய்தால் பத்தில் ஒன்பதுக்கும் மேல் பிழைத்துவிடுகின்றன. 12 வயது என்பதற்காக இதை மறுப்பது, குணமாகக்கூடிய நோய்க்கு உயிரைக் கொடுப்பது.

இரண்டாவது நாய் தெருவிலிருந்து எடுத்து வளர்த்தது. பிறப்புறுப்பில் காலிஃபிளவர் போல ரத்தம் கசியும் கட்டி. கேன்சர் என்றதும் வீடே இடிந்துவிடும். இது டி.வி.டி. எனப்படும் தொற்றும் பால்வினைக் கட்டி. இந்தியாவில் நிறையப் பார்க்கக் கிடைப்பது. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு நாயின் உடலில் தோன்றிய புற்றுச் செல்கள், புணர்ச்சி வழியே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு உயிரோடு தாவிக்கொண்டே இன்றுவரை பிழைத்திருக்கின்றன. அந்த முதல் நாய் மண்ணோடு மண்ணாகிவிட்டது. அதன் செல்கள் சாகவில்லை. இவ்வளவு பழைய புற்று, நம் வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கப்படும் வின்கிரிஸ்டின் மருந்துக்கு மடிந்துவிடுகிறது. வாரம் ஒரு ஊசி, பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு வாரம். பெரும்பாலான நாய்கள் முழுமையாகக் குணமடைகின்றன. செலவும் கையைக் கடிக்காது.

மூன்றாவது நாயின் கட்டி மண்ணீரலில். இங்கேதான் சிக்கல். மண்ணீரல் கட்டிகளில் ஒரு பகுதி தீங்கற்றது, எடுத்துவிட்டால் தீர்ந்தது. இன்னொரு பகுதி ஹெமாஞ்சியோசார்கோமா என்ற ரத்தக்குழாய்ப் புற்று. இது வந்தால் அறுவை சிகிச்சை மட்டும் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மாதம் வாங்கித் தருகிறது. கீமோதெரபியும் சேர்ந்தால் நான்கிலிருந்து ஆறு மாதம். ஓராண்டைத் தாண்டுபவை மிகக் குறைவு. ஸ்கேனை மட்டும் வைத்து இரண்டில் எது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. நெஞ்சு எக்ஸ்ரேயும் இதய எக்கோவும் எடுத்து, நோய் பரவியிருக்கிறதா என்று பார்த்தால் இருட்டு கொஞ்சம் விலகும். மிச்சம் பந்தயம்தான். அந்தப் பந்தயத்தில் இறங்குவதும் இறங்காமல் இருப்பதும் இரண்டுமே நியாயம்.

ஆகவே செலவு செய்ய வேண்டிய முதல் ரூபாய் சிகிச்சைக்கு அல்ல, நோயின் பெயரை அறிவதற்கு. ரத்தப் பரிசோதனை, ஊசியில் கொஞ்சம் செல்லை உறிஞ்சிப் பார்ப்பது, ஸ்கேன் ஆகியவை ஆயிரங்களில் முடிபவை. அவை லட்சங்களை மிச்சப்படுத்தலாம், அல்லது லட்சத்தைச் செலவழிக்கத் துணிவு தரலாம்.

சராசரிக்குப் பின்னால்

அதே வின்கிரிஸ்டின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுக்கும் தரப்படுகிறது; கூட மூன்று மருந்துகளைச் சேர்த்து, சில மாதங்களுக்கு. சிகிச்சையே இல்லாவிட்டால் பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு வாரம். பிரெட்னிசோலோன் மாத்திரை மட்டும் கொடுத்தால் ஒன்றிரண்டு மாதம். முழுக் கீமோ கொடுத்தால் இடைநிலைக் கணக்கில் ஏறத்தாழ ஓராண்டு. நாய்களுக்குத் தரப்படும் கீமோ, மனிதருக்குத் தருவதைவிட மிதமான அளவு. புற்றை வேரோடு பிடுங்குவது நோக்கம் இல்லை. நல்ல நாட்களை நீட்டிப்பதுதான். அதனால் பெரும்பாலான நாய்கள் வாலை ஆட்டிக்கொண்டே மருத்துவமனைக்கு வந்து போகின்றன. முடியும் பெரும்பாலும் கொட்டுவதில்லை.

இடைநிலை என்றால், பாதி நாய்கள் அதற்குள் இறந்தன, பாதி அதைத் தாண்டின என்று பொருள். நம் நாய் அன்று இறக்கும் என்று பொருள் இல்லை. 1982-இல் அரிய வயிற்றுப் புற்றுக்கு ஆளான உயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்ட், தன் நோய்க்கு இடைநிலை ஆயுள் எட்டு மாதம் என்று படித்தார். பிறகு பிற்பாதியில் இருப்பவர்களின் கோடு எவ்வளவு தூரம் நீள்கிறது என்று யோசித்து அதைப் பற்றி ஒரு கட்டுரையும் எழுதினார். நோய் தெரிந்த பின் இருபது ஆண்டு வாழ்ந்தார். மருத்துவரிடம் "சராசரி எத்தனை மாசம்?" என்று கேட்பதோடு, "நல்லாப் போனா எவ்வளவு, மோசமாப் போனா எவ்வளவு?" என்றும் கேட்க வேண்டும். தன் நாய் எந்தப் பாதியில் விழ வாய்ப்பு அதிகம், ஏன் என்றும் கேட்க வேண்டும்.

எண்ணை நாயின் ஆயுளோடு வைத்துப் பார்ப்பதும் அவசியம். சிறிய வயதான நாய்களின் இதயத்தில் மைட்ரல் வால்வு தடித்து, ரத்தம் பின்னோக்கிக் கசிவது வெகு சகஜம். இதயம் வீங்கத் தொடங்கியும் மூச்சுத்திணறல் இன்னும் வராத 360 நாய்களை வைத்து நடந்த எபிக் ஆய்வு 2016-இல் வெளிவந்தது. பைமோபெண்டான் மாத்திரை கொடுத்த குழுவில் இதயச் செயலிழப்போ இதய மரணமோ வரும் வரை இடைநிலை 1,228 நாட்கள். வெற்று மாத்திரைக் குழுவில் 766. வித்தியாசம் 15 மாதம். 13 ஆண்டு வாழும் உயிருக்கு அது ஆயுளில் பத்தில் ஒரு பங்கு. அதுவும் அறுவை இல்லை, ஆஸ்பத்திரிப் படுக்கை இல்லை. காலையும் மாலையும் ஒரு மாத்திரை. பெரிய பில் வரும் சிகிச்சைதான் பெரிய பலன் தரும் என்று எண்ணிவிடக் கூடாது.

எந்திரமும் அப்படித்தான். சென்னை வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியில் நாய்களுக்கு டயாலிசிஸ் செய்கிறார்கள். எலிக் காய்ச்சலால் திடீரென்று சிறுநீரகம் நின்றுபோன நாய்க்கு, சிறுநீரகம் தானாக மீளும் வரை சில தடவை டயாலிசிஸ் செய்வது உயிர்காக்கும் காரியம். முதுமையில் மெல்ல மெல்லத் தேய்ந்த சிறுநீரகம் அப்படி மீளாது. ரத்தத்தில் கிரியாட்டினின் உயர்ந்து கண்ணில் படும்போதே வேலை செய்யும் சிறுநீரகத் திசுவில் முக்கால் பங்கு போயிருக்கும். அங்கே டயாலிசிஸுக்கு முடிவு கிடையாது. புரதமும் பாஸ்பரஸும் அளவாக உள்ள உணவு, தோலுக்கடியில் சலைன், வாந்திக்கு மருந்து என்று வீட்டோடு செய்யும் பராமரிப்புதான் பெரும்பாலும் அதற்கு ஏற்றது.

எப்படிப்பட்ட நாட்கள்?

மனிதருக்குக் கீமோவின் கஷ்டத்தைத் தாங்க ஒரு காரணம் இருக்கிறது: பேத்தியின் கல்யாணத்தைப் பார்க்க வேண்டும். நாய்க்கு அடுத்த மாதம் என்று ஒன்று இல்லை. இன்றைய வலி இன்றைய வலி, அவ்வளவுதான். நாளை கிடைக்கப்போகும் பலனுக்காக இன்று பொறுத்துக்கொள்வது நாம் நாயின் சார்பில் போடும் ஒப்பந்தம். அதன் கையெழுத்து அதில் கிடையாது. அதனால் சிகிச்சைக்காக எத்தனை நாள் கஷ்டப்படும், அதன் பிறகு எத்தனை நாள் கஷ்டமில்லாமல் இருக்கும் என்ற விகிதம், மொத்த நாட்களைவிட முக்கியம்.

அமெரிக்கப் புற்றுநோய்க் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004-இல் இதற்கென ஓர் அளவுகோல் வகுத்தார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்பது ஆகிய ஏழுக்கும் பத்துக்கு மதிப்பெண். 70-க்கு 35-க்கு மேல் இருந்தால் தொடர்ந்து கவனிப்பதில் அர்த்தம் உண்டு என்பது அவர் கணக்கு. மூச்சு முட்டுவதை அவர் வலியோடு சேர்த்து முதலிடத்தில் வைத்தார். ஒருவர் மட்டும் போடாமல், வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் தனித்தனியாக மதிப்பெண் போட்டு ஒப்பிட்டால் வாக்குவாதம் பாதி குறையும்.

வீட்டிலேயே அளக்கக் கூடியவை இன்னும் உண்டு. நாய் நன்றாகத் தூங்கும்போது அதன் விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஏறி இறங்கினால் ஒன்று. இதய நோயுள்ள நாய்க்கு இது நிமிடத்துக்கு 30-ஐத் தொடர்ந்து தாண்டினால் நுரையீரலில் நீர் கோக்கிறது என்று சந்தேகிக்கலாம். அன்றே மருத்துவரை அழைக்க வேண்டும். தண்ணீர்க் கிண்ணத்தைக் காலையில் அளந்து ஊற்றி, மறுநாள் காலை மிச்சத்தை அளந்து பாருங்கள். 10 கிலோ நாய் ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் குடித்தால் சிறுநீரகமோ சர்க்கரையோ கருப்பையோ ஏதோ ஒன்று சொல்ல வருகிறது. இரண்டுக்கும் செலவு ஒரு பைசா இல்லை.

வலிதான் கண்டுபிடிக்கக் கஷ்டம். நாய் அழாது. படியில் ஏறாமல் கீழேயே நிற்கும், எழுந்திருக்கும்போது பின்னங்கால் தடுமாறும், ஒரே இடத்தை நக்கிக்கொண்டே இருக்கும். பார்க்கிறவர்கள் "வயசாயிடுச்சு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பெரும்பாலும் அது மூட்டுவாதம். அதற்கு மருந்து இருக்கிறது. பூனை இன்னும் கமுக்கம். மான்ட்ரியால் பல்கலைக்கழகத்தார் 2019-இல் வெளியிட்ட பூனை முகபாவ அளவுகோல், காது பக்கவாட்டில் திரும்புவது, கண் இடுங்குவது, வாய்ப்பகுதி இறுகுவது, மீசை விறைப்பது, தலை தோளுக்குக் கீழே தொங்குவது ஆகிய ஐந்தையும் பார்க்கச் சொல்கிறது. ஒன்று மட்டும் எச்சரிக்கை: வீட்டில் இருக்கும் மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும். இபுபுரூஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

பில்லில் வராத செலவு

மெட்டுகுடாவிலிருந்து ராஜேந்திர நகரில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி ஏறத்தாழ நகரத்தின் மறுகோடி. அரசின் நாராயணகுடா கால்நடை மருத்துவமனை பக்கம். தலைக்கு மேலே மெட்ரோ ஓடுகிறது. ஆனால் நாயை ஏற்ற அனுமதி இல்லை. 30 கிலோ லாப்ரடாரை லிஃப்ட் இல்லாத மாடியிலிருந்து போர்வையில் தூக்கி இறக்கி, நாயை ஏற்றச் சம்மதிக்கும் ஆட்டோவைத் தேடுவது யார்? அப்பாவுக்கும் 70, நாய்க்கும் அதே கணக்குதான். வாரம் ஒருமுறை, நான்கு மாதம் என்றால் சிகிச்சைத் திட்டத்தில் அந்த முதுகுவலியையும் எழுதிக்கொள்ள வேண்டும். நோயுற்ற செல்லப்பிராணியைப் பராமரிப்பவர்களிடம் மன அழுத்தமும் சோர்வும் கூடுதலாக இருப்பதை அமெரிக்காவின் கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேரி பெத் ஸ்பிட்ஸ்நாகல் 2017-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. நியூ ஜெர்சி மகன் பணத்தை அனுப்பலாம். கையை அனுப்ப முடியாது.

பணமே தடையில்லாதவருக்கும் காலம் தடையாகும். ரத்தன் டாட்டா தன் நாயை மூட்டு மாற்று சிகிச்சைக்காக அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்துக்கு விமானத்தில் கொண்டுபோனதைச் சொல்லியிருக்கிறார். காலம் கடந்துவிட்டதால் மூட்டை மாற்ற முடியாமல், ஒரு நிலையில் அசையாதபடி பொருத்தித் திருப்பி அனுப்பினார்கள். மும்பை மகாலட்சுமியில் 165 கோடி ரூபாயில் அவருடைய அறக்கட்டளை கட்டிய சிறுபிராணிகள் மருத்துவமனை 2024-இல் திறக்கப்பட்டது. மறுபக்கம், டில்லியின் குஷி என்ற காக்கர் ஸ்பேனியலின் கதை. இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 20 வரை இறங்கிவிட்ட அதற்கு 2020 டிசம்பரில் பேஸ்மேக்கர் பொருத்தினார்கள். அப்போது அதற்கு ஏழரை வயது. மின்சாரம் மட்டுமே பழுதான இதயம், முன்னால் இன்னும் பல ஆண்டுகள். அந்தச் செலவு வாங்கித் தந்தது பெரிது.

காப்பீடு நம்மைக் காப்பாற்றாது. பெரும்பாலான திட்டங்கள் முதிய நாயைப் புதிதாகச் சேர்ப்பதில்லை. ஆகவே செலவுக்கு முன்கூட்டியே ஒரு வரம்பு வேண்டும். அதைவிடச் சிகிச்சைக்கு ஒரு வரம்பு வேண்டும்: "மூணு வாரம் பாப்போம். தானா சாப்பிடணும், தானா எழுந்து நிக்கணும். இல்லன்னா நிறுத்திடுவோம்." இதை மருத்துவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் 'இவ்வளவு செலவு பண்ணியாச்சு' என்பதே அடுத்த செலவுக்குக் காரணமாகிவிடும். போன பணம் திரும்பாது. அதற்காக நாயின் மிச்ச நாட்களை அடமானம் வைக்க வேண்டியதில்லை.

நிறுத்துவது என்றால்

சிகிச்சையை நிறுத்துவது கைவிடுவது இல்லை. வலிக்கு மருந்து, வழுக்காத விரிப்பு, கையில் ஊட்டும் சோறு, புண் வராமல் புரட்டிப் போடுதல் என்று தணிப்புப் பராமரிப்புக்கும் நிறைய வேலை இருக்கிறது. அதுவும் போதாதபோது கருணைக்கொலை. பலர் பாவம் என்று ஒதுங்குகிறார்கள். அது அவரவர் நம்பிக்கை. என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. பெரும்பாலும் முதலில் ஆழ்ந்து உறங்க மருந்து கொடுப்பார்கள். பிறகு ரத்தநாளத்தில் பெண்டோபார்பிட்டால் போன்ற மருந்து. அது மூளைச் செல்களின் தகவல் பரிமாற்றத்தை அடக்கி, நொடிகளில் நினைவை அகற்றிவிடுகிறது. சில நிமிடங்களில் மூச்சும் இதயமும் நிற்கின்றன. கண் திறந்தே இருக்கலாம், கடைசியில் உடல் ஒருமுறை அதிரலாம். அவை வலியின் அடையாளம் இல்லை. இந்தியாவின் 2023 விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளும் தீராத நோயுள்ள தெருநாய்க்கு இந்த மருந்தையே, தகுதி பெற்ற கால்நடை மருத்துவர் கையால் தரச் சொல்கின்றன.

மெட்டுகுடா வீட்டுக்குத் திரும்பினால், அங்கே இருந்த மூன்று கட்சியும் ஒரு மருத்துவர் முன் உட்கார்ந்து கேட்க வேண்டியவை நான்கே கேள்வி. நோயின் பெயர் என்ன? சிகிச்சை எடுத்தால், எடுக்காவிட்டால், நல்லபடியாகவும் மோசமாகவும் எவ்வளவு காலம்? அதில் எத்தனை நாள் ஆஸ்பத்திரியிலும் வலியிலும் போகும்? எந்த அடையாளத்தைக் கண்டால் நிறுத்த வேண்டும்? இதற்கெல்லாம் பதில் கேட்டுவிட்டுக் கையில் காசில்லை என்று மறுப்பவரிடம் ஒரு குற்றமும் இல்லை. அவர் தெரிந்து முடிவெடுத்திருக்கிறார். கேட்காமலே லட்சத்தை எடுத்து வைப்பவரையும், கேட்காமலே "கிழம்" என்று ஒதுக்குபவரையும் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். இரண்டு பேரும் நாயைப் பார்க்கவில்லை. ஒருவர் தன் பயத்தைப் பார்க்கிறார். மற்றவர் காலண்டரைப் பார்க்கிறார்.